ஜாடியில் ஊறும் பழம்

இத்தலைப்பைக் கண்ட நேயர்களுள் சிலர், சீர்திருத்தம் பேசும் ஓர் ஏட்டில் சாராயத்திற்கு என்ன வேலை என்று புருவத்தை நெறிக்கக்கூடும். அவர்களுடைய சினம் நியாயமானதே. கள்ளுக்கடை வாசலில் நம்மவர் இழந்த பொருளும் மானமும் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் நாம் இங்கே பிரஸ்தாபிக்கப் போவது கள்ளுக்கடையைப் பற்றியதன்று. நல்ல குடும்பங்களில், வரவேற்பறை அலமாரியில், பூவேலை செய்த துணியின்மேல் வீற்றிருக்கும் கண்ணாடி ஜாடியைப் பற்றியது. தோட்டத்துப் பழத்தைப் பறித்து, சர்க்கரை சேர்த்து, கடையில் வாங்கிய மதுவில் ஊறவைத்து, சில வாரங்கள் கழித்து வடித்தெடுக்கும் செந்நிறப் பானம் அது. அதனைப் பழரசம் என்பார் சிலர்; டானிக் என்பார் சிலர்; "வீட்டிலே செய்தது" என்று மட்டும் சொல்லிப் புன்னகை புரிவார் சிலர். மது என்று ஒருவரும் சொல்லார்.

நம் இல்லத்திலும் அத்தகைய ஜாடி ஒன்று உண்டு. ஆகவே, பிறர் வீட்டு அலமாரியை எட்டிப்பார்த்துப் பேசுகிறோம் என்று யாரும் நம்மீது குறைகூற இடமில்லை.

நம் குடியிருப்பின் கொல்லையில் முசுக்கட்டை மரம் ஒன்று நிற்கிறது. மல்பெரி என்றால் நேயர்கள் உடனே அறிவர். பட்டுப்புழுவுக்கு இரையாகும் இலை அதனுடையது. பெயர் முரடாயினும் பழம் மிருதுவானது. முதலில் பச்சை, பிறகு சிவப்பு, கடைசியில் கறுப்பு என்று நிறம் மாறும். செக்கச் சிவந்த பழத்தின் அழகில் மயங்கி வாயிலிட்டால் பல் கூசிப்போகும். கறுத்து, விரல் பட்டவுடன் காம்பைவிட்டுக் கையோடு வந்துவிடும் பதத்திலேதான் அதன் இனிப்பெல்லாம் இருக்கிறது. கிளையைக் கழித்து இலையை உருவிவிட்டால், சில வாரங்களில் புதுத் துளிரோடு பூவும் காயும் தலைகாட்டும். வெயிலும் மழையும் மாறி மாறி வரும் இந்நாட்டில் இவ்விதமாக ஆண்டில் பலமுறை காய்க்கவைக்கலாம்.

காய்ப்பதில் குறைவில்லை, வைத்துக்கொள்வதிலேதான் தொல்லை. எல்லாப் பழமும் ஒரே நாளில் பழுப்பதில்லை. காலையில் ஒரு கிண்ணம், மாலையில் ஒரு கிண்ணம் என்று கிடைக்கும். காலையில் பறித்தது அந்தியில் கசியத் தொடங்கும். மறுநாள் விடிந்தால் புளித்த வாடை வீசும். தோய்ந்த கறை சட்டையைவிட்டு எளிதில் போவதில்லை. அண்டை வீட்டார்க்குக் கொடுத்தும், பிள்ளைகள் வாயும் கையும் நீலமாகத் தின்றும், எறும்புக்கும் மைனாவுக்கும் விட்டதுபோக, எஞ்சியதை என்ன செய்வது? இக்கேள்வி நம் கொல்லையில் மட்டும் பிறந்ததன்று. பழம் பழுக்கும் தேசமெங்கும், நம் பாட்டிமார் மாங்காயை உப்பில் போட்டது போல, மனிதர் எதையேனும் தேடிப் பழத்தைக் கிடத்திவைத்தனர். உப்பு, சர்க்கரை, தேன், காடி, சாராயம் ஆகிய ஐந்தும் அந்தத் தேவையிலே ஒரே வேலையைச் செய்பவை.

சாராயத்தில் கிடத்தும் முறையை, பழைய பள்ளித் தோழர் ஒருவர் நமக்குச் சொல்லிக்கொடுத்தார். சமையலில் நம் கை தாழ்ந்ததாயினும் இதிலே தவறுவதற்கு அதிக இடமில்லை. நன்றாய்க் கறுத்த பழம் அரைக் கிலோ. பூஞ்சணம் பட்டதையும் நசுங்கியதையும் தயவுதாட்சணியமின்றித் தள்ளிவிட வேண்டும். கழுவியபின் துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்த வேண்டும். கொதிநீர் ஊற்றிக் காயவைத்த அகன்ற வாயுள்ள கண்ணாடி ஜாடியில் பழத்தை இட்டு, 200 கிராம் சர்க்கரையைத் தூவி, நூற்றுக்கு 40 பங்கு மதுசாரமுள்ள மது 700 மில்லிலிட்டர் ஊற்ற வேண்டும். வோட்காவுக்குத் தனி மணம் இல்லையாதலால் பழத்தின் மணம் ஓங்கி நிற்கும். ரம் கரும்புப் பாகின் வழி வந்தது. ஆகையால் தன் வாசனையையும் சேர்த்துக் கொடுக்கும். பழம் முழுவதும் மூழ்கியிருத்தல் அவசியம். மேலே மிதப்பதில்தான் பூஞ்சணம் பிடிக்கும். மூடி இறுக்கி, வெளிச்சம் படாத மூலையில் வைத்து, முதல் வாரம் நாள்தோறும் ஒருமுறை குலுக்கினால் சர்க்கரை கரைந்துவிடும். வெளிச்சம் பட்டால் அந்த அழகிய செந்நிறம் நாளடைவில் பழுப்பாகிவிடும். முசுக்கட்டை மெல்லிய பழமாகையால் நான்கு முதல் ஆறு வாரம் போதும். பின்னர் மெல்லிய துணியில் வடித்துப் புட்டியில் அடைக்க வேண்டியதுதான். துணியைப் பிழியலாகாது, பிழிந்தால் கலங்கும்.

ஆங்கிலப் பள்ளியில் படித்த நாளிலே, கதைப் புத்தகங்களில் 'ஸ்லோ' என்ற காட்டுப்பழத்தின் பெயரைக் கண்டிருக்கிறோம். அது எவ்வாறிருக்கும் என்று வகுப்பில் ஒருவருக்கும் தெரியாது. இங்கிலாந்தின் வேலிகளிலே வளரும் முட்புதரின் பழம் அது, கருநீல நிறம், பச்சையாய்த் தின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் துவர்ப்பு. முதற்பனி விழுந்தபின் பறித்து, ஒவ்வொன்றையும் முள்ளால் குத்தி, சர்க்கரையோடு ஜின்னில் போட்டு மூன்று மாதம் வைப்பது அந்நாட்டு வழக்கம். அந்த ஜின்னும் ஜூனிப்பர் என்னும் ஊசியிலைச் செடியின் கனியால் மணமூட்டப்பட்டதே. எனவே ஒரு கனியூறிய மதுவிலே இன்னொரு கனியை ஊறவைக்கிறார்கள். ஜப்பானியர் 'உமே' என்னும் காயைப் பச்சையாகவே பறித்து, கற்கண்டுடன் மதுவில் போட்டு உமேஷு செய்கின்றனர். வீட்டில் இதைச் செய்துகொள்வதற்கு அந்நாட்டார் 1962-ஆம் ஆண்டில் தம் சட்டத்தையே திருத்தினர். ஆனால், ஊற்றும் மது நூற்றுக்கு 20 பங்கு மதுசாரத்திற்குக் குறையலாகாது என்று ஒரு நிபந்தனை வைத்தனர். அதன் காரணத்தைப் பின்னே சொல்வோம். வியட்நாம் நாட்டின் பூகுவோக் தீவிலே 'சிம்' என்ற பழத்தில் மது செய்து விற்கின்றனர். அது வேறொன்றுமன்று, நம் மலாய்ச் சகோதரர்கள் 'கெமுந்திங்' என்றும், நீலகிரிப் பக்கத்தார் தவிட்டுக்கொய்யா என்றும் சொல்லும் அதே ஊதாப் பழந்தான். மணற்பாங்கான வெளிகளிலே கேட்பாரற்று முளைத்துக் கிடக்கும் செடி இன்னொரு கரையிலே புட்டியில் ஏறி விலைபெறுகிறது.

இவ்வளவும் கேட்பதற்கு இனிமையாகவே இருக்கிறது. இனி, இனிக்காத பகுதிக்கு வருவோம்.

மது சம்பந்தமாக மூன்று வேறுபட்ட வேலைகள் உண்டு. நம்மவருள் படித்தவர்களும் இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கின்றனர். முதலாவது புளிக்கவைத்தல். கண்ணுக்குத் தெரியாத ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர், சர்க்கரையைத் தின்று மதுசாரத்தை வெளியிடுகிறது. தென்னம்பாளையில் வடியும் இனிய சாறு கள்ளாக மாறுவது இதனாலேதான். மதுசாரம் மிகுந்தால் அந்த நுண்ணுயிரே மடிந்துபோகும். ஜப்பானியர் 20 பங்கென்று வரம்பு கட்டியதும், ஜாடிக்குள் புளித்துப் புது மது உண்டாகிவிடலாகாது என்பதற்கே. இரண்டாவது வடித்தல். தண்ணீருக்கு முன்பே, சுமார் 78 பாகை வெப்பத்தில் மதுசாரம் கொதிப்பதால், அதன் ஆவியைக் குளிர்வித்துப் பிடித்துச் செறிவான சாராயமாக்குகிறார்கள். உரிமமின்றி இவ்வேலையில் இறங்குவது 1976-ஆம் ஆண்டுக் கலால் சட்டப்படி மலேசியாவில் குற்றமாகும். மூன்றாவது, நாம் சொல்லிவரும் ஊறவைத்தல். இதிலே புதிதாக ஒரு சொட்டு மதுசாரமும் பிறப்பதில்லை. ஊற்றின மதுசாரத்தில் ஒரு சொட்டு அழிவதுமில்லை. பழத்தின் நிறமும் மணமும் புளிப்பும் வெளியே வருகின்றன. வெளியே இருந்த மதுசாரம் பழத்தின் உள்ளே போகிறது. அவ்வளவுதான்.

"பழம் சேர்த்து, சர்க்கரை சேர்த்து, எவ்வளவோ இறங்கிப் போயிருக்குமே" என்று நம் இல்லத்தரசியார் ஒருநாள் கேட்டார். கணக்கு எழுதுவது நம் பிழைப்பாகையால் ஒரு துண்டுக் காகிதத்தில் போட்டுப் பார்த்தோம். 700 மில்லிலிட்டரில் நூற்றுக்கு 40 என்றால் மதுசாரம் 280. அரைக் கிலோப் பழத்தில் தண்ணீர் சுமார் 440. சர்க்கரை கரைந்து இன்னும் 125 அளவு கூடும். மொத்தம் 1,265-இல் 280. அதாவது நூற்றுக்கு 22 பங்கு. தென்னங்கள் எவ்வளவு? நூற்றுக்கு 5 பங்கை ஒட்டியே இருக்கும். ஆக, பூவேலைத் துணிமேல் அமர்ந்திருக்கும் பழரசம், லயத்தார் குடித்துக் கெட்டார்கள் என்று நாம் வைத கள்ளைப்போல் நான்கு மடங்குக்கு மேல் வலியது. சிறுகிண்ணத்தில் 50 மில்லிலிட்டர் ஊற்றி ஒரு சீமாட்டியின் கையில் கொடுத்தால், அவர் அருந்துவது ஒரு கண்ணாடிக் குவளைக் கள்ளுக்குச் சமானம்.

கள்ளின் புளிப்பு வாடை குடிப்பவனுக்கு ஓர் எச்சரிக்கை. சாராயத்தின் எரிச்சலும் ஓர் எச்சரிக்கையே. பழமும் சர்க்கரையும் அந்த எச்சரிக்கைகளை எடுத்துவிடுகின்றன. நெருப்பு இருக்கிறது, புகைமட்டும் இல்லை.

வடித்தபின் துணியில் தங்கும் பழங்களைப் பற்றி ஒரு வார்த்தை. வெளியில் உள்ள அளவுக்கு உள்ளேயும் மதுசாரம் ஏறியிருக்குமாகையால், அவை பழத்தின் உருவம் தாங்கிய மதுவே. சக்கைதானே என்று சில வீடுகளில் அவற்றை ரொட்டிமேல் வைத்தும் பனிக்கூழில் கலந்தும் பிள்ளைகளுக்குக் கொடுப்பதைக் கண்டிருக்கிறோம். அப்பிள்ளைக்கு ஒரு கரண்டிக் கள்ளை யாரேனும் புகட்டினால் அதே தாய் ஊரைக் கூட்டிவிடுவார்.

இந்த வேற்றுமை எங்கிருந்து வந்தது என்று யோசிக்கும்போது, நம் தோட்டங்களின் பழைய ஏற்பாடு கண்முன் நிற்கிறது. மேட்டின்மேல் துரையின் பங்களா. அங்கே அந்திப்பொழுதில் 'ஸ்தெங்கா' என்று சொல்லப்பட்ட பாதி விஸ்கி பாதி சோடா. 'ஜின் பாஹிட்' என்ற கசப்பு ஜின். 'பாஹிட்' என்றால் மலாயில் கசப்பு. அந்தக் கசப்புச் சரக்கும், 1824-இல் வெனிசுவேலாவின் அங்கோஸ்துரா நகரில் சீகெர்ட் என்ற மருத்துவர் வேர்களையும் வாசனைப் பொருள்களையும் மதுவில் ஊறவைத்துச் செய்த வயிற்று மருந்தே. பள்ளத்தில் லயங்கள்; அதன் அருகே உரிமம் பெற்ற கள்ளுக்கடை. மேட்டில் குடித்தால் உல்லாசம், பள்ளத்தில் குடித்தால் ஒழுக்கக்கேடு. இரண்டுக்கும் நடுவே கிராணிமார் குடியிருப்பு. நடுவிலே இருந்தவர்கள் எந்தப் பக்கம் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்கள் வைத்த கோரிக்கைகளுள் கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பது ஒன்று. துரைமார் எதிரிலும் ஆசிய உத்தியோகஸ்தர் எதிரிலும் மிதிவண்டியைவிட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும் என்பது இன்னொன்று. இவ்விரண்டும் ஒரே பட்டியலில் இருந்ததை நேயர்கள் கவனிக்க வேண்டுகிறோம். ஆசிய உத்தியோகஸ்தர் என்றால் வேறு யார்? நம் போன்ற கிராணிமார்தாம். கள்ளை ஒழி என்று மேடையிலிருந்து யாரும் அவர்களுக்கு உபதேசிக்கத் தேவைப்படவில்லை. கூலியும் மரியாதையும் கேட்ட அதே வாயால் அவர்களே கேட்டார்கள். 1947-இல் கெடாவிலே தொண்டர் படையினர் தோட்டம் தோட்டமாகச் சென்று கள்ளுக்கடை மறியல் நடத்தினர். பீடோங் வட்டாரத்தில் போலீஸார் தலையிட்டபோது ஒரு தொழிலாளி உயிரையே இழந்தார். மதுவை எதிர்த்து இந்நாட்டில் நம்மவர் சிந்திய இரத்தம் லயத்து இரத்தம். வரவேற்பறைகளில் அப்போது மறியல் நடந்ததாகச் செய்தியில்லை.

இனி, நம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டிய சம்பவத்தைச் சொல்லிவிடுகிறோம். சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லயத்திலிருந்து ஒரு மூதாட்டி வந்தார். பால்வெட்டிலே வாழ்நாளைக் கழித்தவர். கைவிரல்கள் இன்னும் கத்தி பிடித்த வாக்கிலேயே வளைந்திருக்கும். திண்ணையில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தம்பி, உங்க வீட்டில சிவப்பு மருந்து ஒரு ஜாடியில இருக்காமே. பேத்திக்குப் புள்ள பொறந்து எட்டு நாளாச்சு. ஒரு சின்னப் புட்டியில கொடுத்தீங்கன்னா புண்ணியமாப் போகும்" என்றார்.

"பாட்டி, அது மருந்தில்லை, சாராயத்தில் ஊறின பழம்" என்றோம்.

மூதாட்டி சிரித்தார். "சாராயம் எனக்குத் தெரியாதா, தம்பி? எங்க வீட்டுக்காரர் கூட இருபது வருஷம் அதோடதானே குடித்தனம் பண்ணினேன். அவர் குடிச்சது நாறும். உங்க வீட்டுது வாசமா இருக்கும்னு சொன்னாங்களே?"

அக்கேள்விக்கு நாம் உடனே விடை கூறவில்லை. அவருடைய கணவர் சம்சு குடித்து ஈரல் கெட்டு இறந்தவர் என்பதைத் தோட்டம் முழுவதும் அறியும். சாராயத்தை அந்த மூதாட்டியைவிட வெறுக்க நியாயமுள்ளவர் ஒருவரும் இருக்க முடியாது. எனினும், அது கிராணி வீட்டில் இருப்பதாலும், சிவப்பாயும் வாசனையாயும் இருப்பதாலும், பழம் போட்டிருப்பதாலும், மருந்தாகத்தான் இருக்கவேண்டும் என்று அவர் நம்பி வந்துவிட்டார். பிரசவித்த பெண்ணுக்குப் பிராந்தி கொடுத்து உடம்பைச் சூடேற்றும் வழக்கம் இந்நாட்டுத் தமிழர் பலரிடம் இருந்தது. மூலிகை ஊறிய அயல்நாட்டு மதுவைப் பிள்ளைப்பேற்று மருந்தாய்க் கருதும் குடும்பங்கள் சீனரிலும் உண்டு. சம்சுப் புட்டிகளிலேயே உடல்வலி தீரும், இரத்தம் ஊறும் என்று அச்சிட்டு விற்றதும் உண்டு. மதுவை விற்பவனுக்கு மருந்து என்ற சொல்லைவிட வசதியான முகமூடி வேறில்லை. தாய் அருந்தும் மதுசாரம் அவள் இரத்தத்தில் உள்ள அளவுக்குப் பாலிலும் இறங்குகிறது என்பது மருத்துவம் கண்ட உண்மை. எட்டு நாள் சிசுவுக்கு அது என்ன மருந்தாகும்?

நம் இல்லத்தரசியார் இதனை அவருக்குப் பொறுமையாய் எடுத்துச் சொன்னார். நாட்டுக்கோழி முட்டை நான்கும், ஒரு பிடிப் பூண்டும் கொடுத்தனுப்பினார். மூதாட்டி வாங்கிக்கொண்டார், ஆனால் போகும்போது அலமாரியை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டே போனார். கிராணி வீட்டார் நல்லதைத் தமக்கென்று ஒளித்துவைத்துக்கொண்டு முட்டையைக் கொடுத்து அனுப்புகிறார்கள் என்று அவர் எண்ணியிருந்தால், அவரைக் குறைகூற நம்மால் இயலாது. அவ்வாறு எண்ணுவதற்கு அவருடைய வாழ்நாள் முழுவதும் சாட்சி இருக்கிறது.

இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பழம் ஊறவைத்தால் கெட்ட சாராயமும் நல்லதாகிவிடும் என்ற எண்ணம் நம்மவரிடையே இருக்கிறது. இது உயிருக்கே ஆபத்தானது. 2018-ஆம் ஆண்டு செப்டம்பரில் சிலாங்கூரிலும் பக்கத்துப் பகுதிகளிலும் போலி மதுவில் மெத்தனால் கலந்திருந்ததால் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பலர் நேப்பாளத்திலிருந்தும் மியன்மாரிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் பிழைக்க வந்த தொழிலாளர். நூறாண்டுகளுக்கு முன் நம் பாட்டன்மார் இருந்த நிலையில் இன்று இருப்பவர்கள் அவர்கள். மெத்தனாலை மணத்தாலோ சுவையாலோ கண்டுகொள்ள முடியாது. கொளுத்திப் பார்த்து நீலமாய் எரிந்தால் நல்ல சரக்கு என்பது வீண்பேச்சு. மெத்தனாலும் நீலமாகவே எரியும். பழமும் சர்க்கரையும் அந்த விஷத்தை முறிப்பதில்லை, இனிப்பாக்கிக் கொடுக்கும். குடித்தவுடன் ஒன்றும் தெரியாது. அரைநாள், ஒருநாள் சென்றபின் தலைவலி, வாந்தி, பார்வை மங்குதல் என்று தொடங்கும். பார்வை மங்குகிறது என்று ஒருவர் சொன்னால் போதை தெளியட்டும் என்று படுக்கவைக்காமல் அந்தக் கணமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவேண்டும்.

அப்படியாயின் உங்கள் வீட்டு ஜாடியை உடைத்தெறிந்தீர்களா என்று கேட்பீர்கள். இல்லை. நாம் பூரண மதுவிலக்குக்காரர் என்று இதுவரை எங்கும் சொல்லிக்கொண்டதில்லை. எவ்வளவு குறைவாய்க் குடித்தாலும் அதில் தீங்கே இல்லை என்று சொல்லத்தக்க அளவு ஒன்று கிடையாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்டதைப் படித்தோம்; மதுசாரம் புற்றுநோய்க்குக் காரணமாவது என்று 1988-லேயே வகைப்படுத்தப்பட்டதும் தெரியும். தெரிந்தே ஆண்டுக்கொரு ஜாடி வைக்கிறோம். விசேஷ நாட்களில் சிறுகிண்ணம் அருந்துகிறோம். இதைப் பலவீனம் என்று ஓர் அன்பர் சொன்னால் நாம் வழக்காடப்போவதில்லை. நாம் மாற்றியது ஒன்றே ஒன்றுதான். ஜாடியின்மேல் காகிதம் ஒட்டி, பெரிய எழுத்தில் தமிழில் இவ்வாறு எழுதி வைத்தோம்: "சாராயத்தில் ஊறிய முசுக்கட்டைப் பழம். மதுசாரம் நூற்றுக்கு 22. கள்ளைப்போல் நான்கு மடங்கு. மருந்தன்று." கீழே, ஊற்றிய தேதி. அலமாரிக்குப் பூட்டும் போட்டாயிற்று. வீட்டிலே பிள்ளைகள் இருக்கிறார்கள். மலேசியாவில் மது வாங்கும் வயதை 2017 டிசம்பரில் 21 ஆக உயர்த்தினார்கள். நம் வீட்டு அலமாரி மட்டும் அதற்கு விலக்காக இருப்பானேன்? வடித்த பழங்களை மண்ணில் குழிதோண்டிப் புதைத்துவிடுகிறோம்; கோழிக்கும் போடுவதில்லை.

அந்தக் காகிதத்தின் பலன் வேடிக்கையானது. மதுவிலக்கு மேடைகளில் நன்றாய்ப் பேசக்கூடிய நண்பர் ஒருவர் தீபாவளிக்கு வந்திருந்தார். முன்னாண்டு அவரே இரண்டு கிண்ணம் அருந்திவிட்டு, "அம்மா கைப்பக்குவமே தனி" என்று பாராட்டியவர். இம்முறை காகிதத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இருமுறை படித்தார். "என்னங்க கிராணியாரே, விருந்துக்குக் கூப்பிட்டு இப்படி மானத்தை வாங்கலாமா?" என்று கேட்டுவிட்டுத் தேநீர் போதும் என்றார். அவர் மனைவியார், "படிச்சாச்சில்ல? எனக்கு அரைக் கிண்ணம் ஊத்துங்க, தெரிஞ்சே குடிக்கிறேன்" என்றார். இருவரில் அந்த அம்மையாரிடத்தே நமக்கு மதிப்பு மிகுந்தது.

பழத்தில் பெரும்பகுதி இப்பொழுது சாராயத்திற்குப் போவதில்லை, காடிக்குப் போகிறது. அதே அரைக் கிலோப் பழத்தை லேசாய் மசித்து, நல்ல காடி அரை லிட்டர் ஊற்றி, கண்ணாடி ஜாடியில் ஒருவாரம் வைத்து வடிகட்டி, 400 கிராம் சர்க்கரை சேர்த்து ஒரு கொதி விட்டு இறக்கினால், அதே செந்நிறம், அதே மணம். இரண்டு கரண்டி எடுத்துக் குளிர்ந்த நீரில் கலந்தால் வெயிலுக்கு அருமையான பானம். ஆங்கிலத்தில் இதற்கு 'ஷ்ரப்' என்று பெயர். நம் சர்பத்தும் அதுவும் ஒரே அரபு வேரில் கிளைத்த சொற்கள். காடி என்பதும் பிறப்பால் மதுவே. காற்றுப்பட்டு, வேறொரு நுண்ணுயிரின் வேலையால் மதுசாரம் புளிப்பாய் மாறிவிடுகிறது. மலாய் அண்டை வீட்டாருக்கு மட்டும் எதிலும் போடாமல் பழமாகவே கொடுத்துவிடுவது நம் வழக்கம்.

மூதாட்டிக்கு ஒரு புட்டி காடிச் சர்பத்து கொடுத்தனுப்பினோம். அதன் நிறத்தைப் பார்த்து முகம் மலர்ந்தாராம். குடித்துப் பார்த்து, "இதில ஒண்ணும் இல்லையே" என்றாராம். கொள்ளுப்பேரனுக்கு இப்போது நான்கு மாதம். போன மாதம் அவரே வந்து மரத்தில் ஐந்து போத்துகள் வெட்டிக் கேட்டு வாங்கிப்போய், லயத்துக்குப் பின்னே குழாயடி ஈரத்தில் ஊன்றினார். மூன்று துளிர்விட்டிருக்கின்றன. ஒன்றை ஆடு தின்றுவிட்டது. மற்றொன்று இருக்குமா போகுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.